ஈரத்தின் மேல் எண்ணெய்

திருவனந்தபுரத்தில் இருந்து கொல்லம் போகும் பெரிய சாலையில் கழக்கூட்டம் இருக்கிறது. மேற்கே கொஞ்ச தூரம் போனால் கடல். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது. உப்பு ஜாடியில் உப்பு கசியும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குத் தோல் வறண்டு வெடிக்குமா?

வெடிக்கும். எப்படி என்று பார்ப்போம்.

இந்த ஊரில் ஓர் அக்கா இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், குழித்துறைப் பக்கம். கழக்கூட்டத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். டெக்னோபார்க்கில் துப்புரவு வேலை. டெக்னோபார்க் 1990-ல் தொடங்கிய கணினித் தொழில் வளாகம். கணினி முன் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அங்கே பல ஆயிரம் பேர். அந்தக் கட்டடங்களைத் துடைக்க, கழுவ, சமைக்க, காவல் காக்க இன்னும் பலர். நம் அக்கா அவர்களில் ஒருவர்.

அக்காவின் இரண்டு குதிகாலும் வெடித்திருந்தன. விரல் நுனிகளிலும் கீறல்கள். ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் காலை நீட்டிக் காட்டினார். பெரியம்மா பல ஆண்டுகள் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"பெரியம்மா, இந்தக் காலைப் பாருங்க. எவ்வளவு எண்ணெய் போட்டாலும் கேக்க மாட்டேங்குது."

"எப்ப போடுற மக்களே?"

"ராத்திரி படுக்கப் போகும்போது."

"காலைக் கழுவிட்டா?"

"கழுவினா ஈரமா இருக்குமே! ஈரத்துல எண்ணெய் ஒட்டாதே. சாயந்திரம் வந்ததும் கழுவிடுவேன். நல்லாக் காய்ஞ்ச பிறகு, படுக்கும்போதுதான் போடுவேன்."

"அதுதான் காரியம்" என்றார் பெரியம்மா. "காய்ஞ்ச தோலுக்கு எண்ணெய் போட்டா, காய்ஞ்சது காய்ஞ்சபடியே இருக்கும். எண்ணெய்ல தண்ணி ஏது?"

அக்காவுக்குப் புரியவில்லை. நமக்கும் உடனே புரியாது. எண்ணெய் தடவினால் தோல் பளபளக்கிறதே, மெதுவாகிறதே என்றுதான் நினைப்போம். சமையல் அறையில் ஒரு சிறிய சோதனை செய்தால் விஷயம் தெளிவாகும்.

மாங்காய் வற்றல் இரண்டு துண்டு எடுங்கள். வேறு ஏதாவது காய்கறி வற்றலாக இருந்தாலும் சரி. நன்றாகக் காய்ந்து, ஒடித்தால் ஒடிய வேண்டும். ஒரு துண்டை ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயில் போடுங்கள். இன்னொரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள். தண்ணீரில் கிடந்தது ஊறி, வளையும். எண்ணெயில் கிடந்தது பளபளவென்று இருக்கும். ஆனால் விறைப்பாகவே இருக்கும்.

கிட்டத்தட்ட இதே சோதனையை 1952-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இர்வின் பிளாங்க் என்ற ஆராய்ச்சியாளர் செய்தார். அவர் எடுத்துக் கொண்டது வற்றல் அல்ல. மனிதரின் தோலில் காய்ப்புக் காய்த்த இடத்தில் இருந்து எடுத்த தடித்த தோல். அதைக் காய வைத்தார். விறைத்துப் போனது. பிறகு எண்ணெயில் ஊற வைத்துப் பார்த்தார். வாஸ்லின் போன்ற மெழுகிலும் வைத்துப் பார்த்தார். அது மெதுவாகவே இல்லை. தண்ணீர் பட்டதும்தான் வளைந்தது. தோலை மெதுவாக வைப்பது தண்ணீர்தான் என்று அவர் காட்டினார். வெளித்தோலில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது தண்ணீர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் விறைக்கும், செதிள் உதிரும், வெடிக்கும்.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? எண்ணெயும் வேண்டும். ஆனால் அதன் வேலை வேறு.

தோல் என்ற சுவர்

நம் தோலின் மிக வெளியே ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. ஒரு தாளை விட மெல்லியது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் தடித்திருக்கும். இதில் இருப்பவை உயிரற்ற அணுக்கள். கீழே இருந்து புதிய அணுக்கள் மேலே வந்துகொண்டே இருக்கும். பழையவை உதிர்ந்துகொண்டே இருக்கும். குளிக்கும்போது தேய்த்தால் அழுக்குபோல உருண்டு வருகிறதே, அதில் இந்தப் பழைய தோலும் உண்டு.

இந்த அடுக்கைச் செங்கல் சுவர் என்று நினைத்துக் கொள்ளுங்கள். உயிரற்ற அணுக்கள் செங்கற்கள். செங்கற்களுக்கு நடுவே சாந்து இருக்க வேண்டும் அல்லவா? தோலில் அந்தச் சாந்து கொழுப்பு. இந்தக் கொழுப்பைத் தோலே செய்து கொள்கிறது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று மூன்று வகை அதில் உண்டு. இரத்தத்தில் கூடிவிட்டது என்று டாக்டர் எச்சரிக்கிறாரே, அதே கொலஸ்ட்ரால்தான். தோலில் அது நல்ல வேலை செய்கிறது.

சுவருக்கு உள்ளே உடம்பில் நிறையத் தண்ணீர். சுவருக்கு வெளியே காற்று. தண்ணீர் உள்ளே இருந்து வெளியே போகப் பார்க்கும். வியர்வையைச் சொல்லவில்லை. வியர்க்காமல் சும்மா நிழலில் உட்கார்ந்திருந்தாலும் தோல் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் நீர் ஆவியாகிறது. ஒரு நாளில் ஒரு பெரிய டம்ளர் அளவுக்கு மேல் இப்படிப் போகும். சாந்து சரியாக இருந்தால் இவ்வளவோடு நிற்கும். சாந்து உதிர்ந்தால் இன்னும் அதிகமாகப் போகும்.

2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு சம்பவம் நினைவிருக்கும். வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்க விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று அடித்தது. அட்டைகள் எல்லாம் கரைக்கு வந்து சேர்ந்தன. ஊரே சிரித்தது. ஆனால் மூடி வைத்தால் ஆவியாவது குறையும் என்பது பொய் அல்ல. மூடி நிற்க வேண்டும், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். தோலின் மேல் எண்ணெய் செய்வதும் மூடும் வேலைதான். எண்ணெய் தண்ணீர் தருவதில்லை. இருக்கிற தண்ணீரைப் போகவிடாமல் பிடிக்கிறது.

தண்ணீரே இல்லாத பானையை எவ்வளவு இறுக்கி மூடினாலும் குடிக்க என்ன கிடைக்கும்? அக்கா செய்தது அதுதான். மாலையில் காலைக் கழுவினார். அப்போது தோல் தண்ணீரைக் குடித்தது. மூன்று மணி நேரம் காய விட்டார். குடித்த தண்ணீர் போய்விட்டது. அதன் பிறகு மூடினார்.

ஈரக் கடற்கரையில் வறண்ட அறை

இனி முதல் கேள்விக்கு வருவோம். கழக்கூட்டத்துக் காற்றில்தான் ஈரம் இருக்கிறதே. அக்காவின் தோல் ஏன் வறண்டது?

ஏ.சி. வைத்த கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். சில இடங்களில் வாளி வைத்திருப்பார்கள். அந்த வாளி நிறையும். யாரும் அந்த இயந்திரத்துக்குள் தண்ணீர் ஊற்றவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது? அறைக்குள் இருந்த காற்றில் இருந்து வந்தது. குளிர்ந்த செம்பின் வெளிப்பக்கம் நீர் முத்துப் பூக்கிறதே, அதுபோல. ஏ.சி. காற்றைக் குளிர வைக்கும்போது காற்றில் உள்ள ஈரத்தையும் பிழிந்து வெளியே விடுகிறது. உள்ளே மிஞ்சுவது வறண்ட காற்று. அந்தக் காற்று நம் தோலில் இருந்து நீரை உறிஞ்சும்.

அக்கா ஒரு நாளில் எட்டு மணி நேரம் அந்தக் காற்றில் இருக்கிறார். அதோடு அவர் வேலை முழுவதும் சோப்புத் தண்ணீரில். சோப்பு என்ன செய்யும்? பாத்திரத்தில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். கையில் உள்ள கொழுப்பையும் அப்படியே எடுக்கும். அது பாத்திரம், இது கை என்று சோப்புக்குத் தெரியாது. செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சாந்து இப்படித்தான் கரைகிறது. தரை துடைக்கும் மருந்து, கக்கூஸ் கழுவும் மருந்து எல்லாம் இன்னும் கடுமையானவை. சூடான தண்ணீரும் கொழுப்பைக் கரைக்கும்.

இன்னொரு ஆச்சரியம். அதிக நேரம் தண்ணீரில் இருந்தாலும் தோல் வறளும். செங்கற்களுக்கு உள்ளே தண்ணீரைப் பிடித்து வைக்கும் சில பொருள்கள் இயற்கையாகவே உண்டு. நெடுநேரம் நனைந்தால் அவை கரைந்து வெளியே போய்விடும். நனைவது, காய்வது, மறுபடி நனைவது, மறுபடி காய்வது என்று ஒரு நாளில் இருபது முறை நடந்தால் தோல் தாங்காது. வண்ணார், மீன் வெட்டுபவர், பாத்திரம் கழுவுபவர், மருத்துவமனை நர்ஸ் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே இருப்பவருக்கு உதடு வெடிப்பதும் இதனால்தான்.

குதிகாலுக்கு ஒரு தனிக் குறை இருக்கிறது. நம் உடம்பில் பெரும்பாலான இடங்களில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. முகத்திலும் தலையிலும் நிறைய. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையாது. அங்கே தோல் தடித்தது. உடம்பின் எடை முழுவதும் குதிகாலில் இறங்கும். வறண்டு விறைத்த தோல் அந்தப் பாரத்தில் விரிய முடியாமல் பிளக்கிறது.

"நெறையத் தண்ணி குடிச்சாச் சரியாகும்னு சொல்றாங்களே பெரியம்மா?"

"தண்ணி குடி. உடம்புக்கு நல்லது. ஆனா குடிச்ச தண்ணி குதிகாலுக்கு வந்து நிக்காது மக்களே. சுவர் ஓட்டையா இருந்தா எவ்வளவு ஊத்தினாலும் போய்க்கிட்டேதான் இருக்கும்."

பெரியம்மா எங்கே கற்றார்

பெரியம்மாவுக்கு இதைப் புத்தகம் சொல்லித் தரவில்லை. தொழுநோயாளிகளின் கால்கள் சொல்லித் தந்தன.

தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கும். நரம்பு கெட்டால் வலி தெரியாது. வியர்வையும் நின்றுவிடும். வியர்வை நின்ற கால் பனைமட்டை போலக் காயும். வெடிக்கும். வெடிப்பு வழியே அழுக்கும் கிருமியும் உள்ளே போகும். வலி தெரியாததால் அவர் நடந்துகொண்டே இருப்பார். புண் எலும்பு வரை போகும். விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று மக்கள் பல காலம் நம்பி வந்தார்கள். வலி தெரியாததால் வரும் காயங்களே காரணம் என்று எடுத்துக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். வேலூர் அருகே கரிகிரியிலும் தொழுநோய்க்கான பெரிய மருத்துவமனை உண்டு.

தொழுநோய்க்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். கிருமி அழிந்துவிடும். ஆனால் கெட்ட நரம்பு எல்லோருக்கும் திரும்பி வருவதில்லை. அவர்கள் வாழ்நாள் முழுவதும் காலைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு மருத்துவமனைகளில் சொல்லித் தரும் முறை எளிமையானது. சாதாரணத் தண்ணீரில் காலை இருபது நிமிடம் ஊற வைக்க வேண்டும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே எண்ணெயோ வாஸ்லினோ பூச வேண்டும். தினமும் செய்ய வேண்டும்.

"ஆசுபத்திரியில காலையில வரிசையா உக்காந்திருப்பாங்க" என்றார் பெரியம்மா. "ஆளுக்கு ஒரு பேசின். ஊறினதும் நாங்க ஒவ்வொருத்தருக்கா எண்ணெய் ஊத்திக்கிட்டே வருவோம். புதுசா வந்தவங்க காலைத் துண்டால நல்லாத் துடைச்சுக் காய வச்சிடுவாங்க. மறுபடி ஊற வைக்கச் சொல்லுவோம். திட்டிக்கிட்டேதான் வைப்பாங்க."

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். சர்க்கரை நோயும் கால் நரம்பைக் கெடுக்கும். வலி தெரியாது, வியர்வை குறையும், தோல் வறளும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்த நோய் மிகுதி. குதிகாலில் ஒரு சிறு வெடிப்பு, அதில் சீழ், பிறகு காலையே எடுக்க வேண்டிய நிலை என்று போனவர்கள் பலர். ஆனால் சர்க்கரை நோயாளிகள் காலை நெடுநேரம் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. சூடான தண்ணீர் கூடவே கூடாது. சுடுவது காலுக்குத் தெரியாது, கொப்பளித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். கழுவுங்கள். விரல் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். குதிகாலிலும் பாதத்திலும் உடனே பூசுங்கள். விரல் இடுக்கில் பூச வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப் புண் வரும். கல்லால் தேய்ப்பதும் பிளேடால் சீவுவதும் வேண்டாம். வெடிப்பில் இரத்தமோ சீழோ தெரிந்தால், அல்லது கால் சிவந்து வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

எந்த எண்ணெய்? எந்த கிரீம்?

கடைக்குப் போனால் அலமாரி நிறைய டப்பாக்கள். எதை வாங்குவது?

மூடும் வேலையை மிக நன்றாகச் செய்வது வாஸ்லின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி. இது மண்ணெண்ணெய் எடுக்கும் அதே கச்சா எண்ணெயில் இருந்து கிடைக்கிறது. பயப்பட வேண்டாம், சுத்தம் செய்துதான் விற்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ என்பவர் 1872-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தோலில் இருந்து ஆவியாகும் நீரை இது ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். சாதாரண எண்ணெய்கள் அதில் சுமார் கால் பங்குதான் தடுக்கும். ஆனால் வாஸ்லின் பிசுபிசுக்கும். கழக்கூட்டத்து வெயிலில் உடம்பு முழுவதும் பூசிக்கொண்டு நடக்க முடியாது. குதிகாலுக்கும் உதட்டுக்கும் விரல் நுனிக்கும் அதுவே நல்லது. விலையும் குறைவு.

தேங்காய் எண்ணெய் நம் வீட்டில் இருப்பது. அது மூடவும் செய்யும், வறண்ட செதிள்களை வழவழப்பாக்கவும் செய்யும். 2004-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தேங்காய் எண்ணெய், மற்றவர்களுக்கு மினரல் ஆயில். இரண்டு வாரம் பூசினார்கள். இரண்டும் ஒரே அளவுக்குப் பலன் தந்தன. 2025-ல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனது. அப்படி விலை ஏறினாலும் கவலை வேண்டாம், ஈரத்தோலில் பூசினால் சில சொட்டுப் போதும். காய்ந்த தோலில்தான் அது ஊற ஊறக் குடிக்கும். அக்கா வேலைக்கு எடுத்துப் போன புட்டியில் எண்ணெய் கட்டியாகிவிட்டது. கெட்டுவிட்டதோ என்று பயந்தார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். அவர் புட்டியை வைத்த அறை அவ்வளவு குளிர், அவ்வளவுதான்.

விலை கூடினால் குணம் கூடும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் பூசியவர்களின் தோல்சுவர் பலவீனமானது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய தோல் கெடவில்லை. சில எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் சாந்தைக் குலைக்கும். சிலவற்றில் உள்ளது சாந்தோடு சேர்ந்து போகும்.

சுவர் நன்றாக இருந்தால் தண்ணீர் வெளியே போகாது, கிருமி உள்ளே வராது. வங்காள தேசத்தின் டாக்கா சிசு மருத்துவமனையில் மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவர்கள் சூரியகாந்தி எண்ணெய் பூசிப் பார்த்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவுவது நூற்றுக்கு 41 பங்கு குறைந்தது. 2005-ல் இது வெளியானது. மருத்துவமனையில் டாக்டர் பார்வையில் நடந்த காரியம் இது. நம் வீட்டுக் குறைமாதக் குழந்தைக்கு என்ன பூசலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். எந்தக் குழந்தைக்கும் மூக்கிலும் காதிலும் வாயிலும் எண்ணெய் விடக் கூடாது. நுரையீரலில் இறங்கினால் ஆபத்து.

கிரீம், லோஷன் என்றால் என்ன? எண்ணெயும் தண்ணீரும் கலந்து குழைத்ததுதான். லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் பூசிய கொஞ்ச நேரத்தில் காற்றில் போய்விடும். மிஞ்சி நிற்பதுதான் வேலை செய்யும். டப்பாவின் பின்னால் சின்ன எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருக்கும். அதிகமாக இருப்பது முதலில் வரும். ஆங்கிலத்தில் இருந்தால் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கிளிசரின், யூரியா என்று வந்தால் அவை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் பொருள்கள். வயலுக்குப் போடும் அதே யூரியாவா என்று கேட்பீர்கள். பொருள் அதேதான். ஆனால் மூட்டையில் இருந்து எடுத்துக் காலில் பூசிவிடாதீர்கள். மருந்துக் கடையில் சரியான அளவில் கலந்து விற்கிறார்கள். தடித்த குதிகாலுக்கு அது நல்லது.

கிளிசரினில் ஒரு விஷயம். சுத்தக் கிளிசரினை வறண்ட அறையில் அப்படியே பூசினால் அது காற்றில் இருந்து தண்ணீரை இழுக்க முடியாது. தோலின் உள்ளே இருந்து இழுத்துவிடும். எனவே தண்ணீரில் கலந்து பூச வேண்டும். மேலே கொஞ்சம் எண்ணெய் அல்லது வாஸ்லின் தடவி மூட வேண்டும்.

எண்ணெய் வேண்டாத இடமும் உண்டு. வேர்க்குரு வந்த உடம்பில் எண்ணெய் பூசினால் வியர்வைத் துளை இன்னும் அடைபடும். பரு வரும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் ஆகாது. தொடை இடுக்கில் படர்தாமரை இருந்தால் எண்ணெய் அதைத் தீர்க்காது. வெளியே ஈரமும் வியர்வையும் நிறைந்த நம் ஊரில் இதை மறக்கக் கூடாது.

முகத்தை வெள்ளையாக்கும் என்று சொல்லும் கிரீம்களைப் பற்றிப் பெரியம்மாவுக்குக் கோபம் உண்டு. சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். நாள் ஆக ஆகத் தோல் மெலியும், சாந்து குறையும், நீர் நிற்காது, எரியும், சிவக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் இத்தகைய பல மருந்துகளை விற்கக் கூடாது என்று 2018-ல் இந்திய அரசு உத்தரவு போட்டது. இன்னும் சில கிரீம்களில் பாதரசம். மலப்புறம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது 2023-ல் தெரிய வந்தது. அந்த ஆண்டு கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. டப்பாவில் தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

அக்கா என்ன செய்தார்

முதலில் வேலை இடத்தில் ரப்பர் கையுறை கேட்டார். இரண்டு முறை கேட்ட பிறகு கொடுத்தார்கள். உள்ளே பழைய பருத்தித் துணியில் தைத்த மெல்லிய உறை போட்டுக் கொண்டார். இல்லாவிட்டால் கை வியர்த்து ஊறிவிடும்.

உடம்புக்குச் சோப்பை அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் மட்டும் வைத்துக் கொண்டார். மற்ற இடத்துக்குப் பயற்றம் மாவு. பெரியம்மா, மலையாளத்தில் இஞ்ச என்று சொல்லும் மரப்பட்டை நாரைக் கொண்டு வந்து தந்தார். அழுத்தித் தேய்க்காமல் மெதுவாகத் தேய்க்கச் சொன்னார். குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே கை கால்களில் எண்ணெய் தடவினார்.

ராத்திரி காலைத் தண்ணீரில் ஊற வைத்தார். ரேஷன் கடை வாசலில் நின்று வலித்த கால் அல்லவா, தண்ணீருக்குள் போனதும் சுகமாக இருந்தது. அக்காவுக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தார்கள். ஊறிய குதிகாலைக் கல்லில் மெதுவாகத் தேய்த்தார். ஈரத்தின் மேல் வாஸ்லின் வைத்தார். அதன் மேல் பழைய காலுறை. முதல் நாள் காலுறையோடு படுக்க ஒரு மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் சிரித்தார்.

மூன்றாவது நாள் தோல் மெதுவானது. பத்து நாளில் சிறு கீறல்கள் மூடின. இடது குதிகாலில் ஒரு பெரிய வெடிப்பு மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. இடையில் இரண்டு நாள் சோம்பலில் விட்டுவிட்டார். மறுபடியும் விறைத்தது.

அக்கா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது போன வருடம்தான். ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் 'காயும் முன்' என்று எழுதினார். குளியல் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். ஈரத்தில் காகிதம் இரண்டு நாளில் கிழிந்து விழுந்தது. இப்போது கரியால் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்.